நாப்பது நிமிஷக் கட்டுரை: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சொந்தக்கதை

ரொம்ப நாளாச்சு மக்களே, இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறது வழக்கமான சாக்கு. உண்மையான காரணம் வேற. ஒரு பரீட்சையில கோட்டை விட்டுட்டேன். வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்போ சொல்லலாம்னு தோணுது. அதான் கொசுவர்த்தியைச் சுத்த உக்காந்துட்டேன்.

கனடாவுல மேல படிக்கணும்னு ஒரு ஆசை. நான் பார்த்து வெச்சிருந்த படிப்புக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வுல நாலு பிரிவுலயும் குறைஞ்சது 6.5 வேணும். கேக்கறதுல 8, படிக்கறதுல 7.5, பேசறதுல 7. எழுதறதுல 6. அந்த அரை மார்க்தான் இந்தப் பதிவு.

எழுத்துப் பிரிவுக்கு மொத்தம் 60 நிமிஷம், ரெண்டு கேள்வி. முதல் கேள்விக்கு 150 வார்த்தை, 20 நிமிஷம் போதும்னு சொல்லுவாங்க. ரெண்டாவதுதான் கட்டுரை. குறைஞ்சது 250 வார்த்தை, 40 நிமிஷம், மார்க்கும் முதலாவதைப் போல ரெண்டு மடங்கு. எனக்கு வந்த தலைப்பு ஏறக்குறைய இப்படி: சின்ன ஊர்களுக்குத் தொழிற்சாலைகள் வர்றதால நன்மை அதிகமா, தீமை அதிகமா?

சிரிக்காதீங்க. ஓசூர்க்காரன்கிட்ட கேக்கற கேள்வியாங்க இது? சிப்காட் வர்றதுக்கு முன்னாடி ஊரு எப்படி இருந்துச்சுன்னு கேட்டுக் கேட்டே வளந்தவன் நான். தாத்தா மழையை நம்பி ராகி போட்டவர். அப்பா லேத் பட்டறையில முப்பது வருஷம் ஓட்டினவர். நான் தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் பொட்டி தட்டறவன். மூணு தலைமுறையும் அந்தக் கேள்விக்கான பதில்தான். டீக்கடையில கேட்டிருந்தா ரெண்டு மணி நேரம் நிறுத்தாம பேசியிருப்பேன்.

ஆனா நான் என்ன பண்ணேன் தெரியுமா? கோச்சிங் சென்டர்ல ஒரு அச்சு குடுத்திருந்தாங்க. எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்துமாம். "இன்றைய நவீன உலகில்"னு ஆரம்பிச்சு நாலு வரி ஜோடனை. அதை ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்தி டைப் பண்ணேன். நிமிந்து பார்த்தா 16 நிமிஷம் காலி. அப்புறம் நன்மைகளை எழுதினேன். எழுதிட்டு இருக்கும்போதே ஏரித்தண்ணி ஞாபகம் வந்துச்சு, தீமைகளையும் எழுதினேன். கடைசியில எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல. முடிவுரை ரெண்டாவது வரியில இருக்கும்போது திரை மூடிக்கிச்சு. 1984ல ஆரம்பிச்ச டைட்டன் கம்பெனி வாட்ச் செய்யற ஊரு எங்க ஊரு. அந்த ஊர்க்காரனுக்கு நேரம் போதலை! :-)

ரிசல்ட் வந்த அன்னிக்கு அப்பா ஒண்ணுதான் கேட்டார். "ஏம்பா, கேள்வியைப் பாத்ததும் எழுத ஆரம்பிச்சுட்டியா? டிராயிங் பாக்காம கட்டிங் போட்டா மெட்டீரியல் ஸ்கிராப்புதான்."

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அப்பா மேல இல்ல, அந்தக் கட்டுரை மேல. எவன்யா இதைக் கண்டுபிடிச்சது? ஒரு மனுஷனை உக்கார வெச்சு, முன்பின் தெரியாத தலைப்பைக் குடுத்து, கடிகாரத்தைத் திருப்பி வெச்சு, எழுதுன்னு சொன்ன முதல் ஆளு யாரு? அப்படித் தேட ஆரம்பிச்சதுதான் கீழே இருக்கற வரலாறு.

சீனாவுல ஆரம்பிப்போம்

பரீட்சை வெச்சு அதிகாரிகளை எடுக்கற வழக்கம் சீனாவுல ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல நடந்தது. மிங் அரசர்கள் காலத்துல இருந்து அங்கே "எட்டுக்கால் கட்டுரை"ன்னு ஒரு வடிவம் உறுதியாச்சு. எட்டு உறுப்பு. எந்த உறுப்புல விஷயத்தைத் திறக்கணும், எதுல வளர்க்கணும், எதுல ஜோடி ஜோடியா வாக்கியம் அமைக்கணும்னு எல்லாத்துக்கும் விதி. எழுதறவங்களைச் சின்னச் சின்ன அறைகள்ல அடைச்சுடுவாங்க. அந்த அறையிலயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். விடைத்தாள்ல பேரை மறைச்சாங்க. கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு வேற ஆளை வெச்சுப் படியெடுத்தும் திருத்தினாங்க.

என் கோச்சிங் சென்டர் அச்சுக்குக் கொள்ளுத்தாத்தா அங்கேதான் இருக்கார் பாருங்க. எட்டுக்கால் கட்டுரைக்கும் மாதிரிக் கட்டுரைப் புத்தகங்கள் வித்துச்சு, ஜனங்க மனப்பாடம் பண்ணாங்க. கடைசியில 1905ல அந்தத் தேர்வு முறையையே ஒழிச்சுட்டாங்க. இந்த 1905ஐக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருது.

சிபாரிசுக்குப் பதிலா கடிகாரம்

இங்கிலாந்துல கதை வேற. கேம்பிரிட்ஜ்ல ரொம்ப காலம் வாய்ப்பேச்சு விவாதம்தான் பரீட்சை. 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில இருந்து மெல்ல மெல்ல எழுத்துத் தேர்வு அந்த இடத்தைப் பிடிச்சது. எல்லாருக்கும் ஒரே அச்சடிச்ச கேள்வி, ஒரே நேரம்.

அரசாங்க வேலைக்கு அப்பவும் பரீட்சை கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனியில அதிகாரி ஆகணும்னா யாராவது ஒரு டைரக்டர் உங்க பேரை எழுதித் தரணும். மாமா, சித்தப்பா, குடும்ப நண்பர்னு ஆள் இருந்தா ஹெய்லிபரி கல்லூரியில சேரலாம். படிச்சு முடிச்சா கப்பல். 1853ல வந்த சாசனச் சட்டம் இந்தச் சிபாரிசு உரிமையைப் பிடுங்கிச்சு. 1854ல மெக்காலே தலைமையில ஒரு குழு அறிக்கை குடுத்துச்சு. 1855ல லண்டன்ல முதல் போட்டித் தேர்வு.

அந்த அறிக்கையில இருக்கற மார்க் பட்டியல் சுவாரசியமானது. ஆங்கிலக் கட்டுரைக்கு 500 மார்க். கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750, கணக்குக்கு 1000. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. எல்லாம் சேர்த்து 6,875. இந்தியாவை ஆளப் போறவனுக்கு வெச்ச பரீட்சையில தமிழ், தெலுங்கு, கன்னடம் எதுக்கும் மார்க் இல்ல. அதெல்லாம் ஜெயிச்ச பிறகு கத்துக்கிட்டாப் போதும்னு விட்டுட்டாங்க. ஆனா ஆங்கிலத்துல ஒழுங்கா ஒரு கட்டுரை எழுதத் தெரியணும். எழுதத் தெரிஞ்சவனுக்குத்தான் ஆளத் தெரியும்ங்கறது அவங்க கணக்கு. அந்தத் தேர்வுல 1863ல தேறின முதல் இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர். ரவீந்திரநாத் தாகூரோட அண்ணன்.

இந்த இடத்துல என் கோவம் பாதி குறைஞ்சுடுச்சு. ஏன்னா, கடிகாரம் வந்து உக்காந்தது யாரோட நாற்காலியில? மாமா எழுதிக் குடுத்த சிபாரிசுக் கடுதாசியோட நாற்காலியில. லேத் ஓட்டறவர் பையனுக்கு எந்த டைரக்டர் கடுதாசி குடுப்பார்? கடிகாரம் கொடுமைதான். ஆனா அது என் அப்பா யாருன்னு கேக்கறதில்ல. அன்னிக்கு அந்தக் கடிகாரம் லண்டன்ல மட்டும்தான் ஓடிச்சு, கப்பல் ஏற வசதி இருக்கறவன்தான் எழுத முடிஞ்சதுங்கறது வேற விஷயம்.

சென்னைக்கு வந்த கட்டுரை

நம்ம பக்கம் இது எப்படி வந்துச்சு? 1835ல பெண்டிங்க் அரசு கல்விக் காசை ஆங்கிலக் கல்விக்குத் திருப்பிச்சு. 1844ல ஹார்டிஞ்ச், இங்கிலீஷ் படிச்சவனுக்குத்தான் அரசாங்க வேலையில முன்னுரிமைன்னு அறிவிச்சார். 1854ல உட் அறிக்கை. அதன்படி 1857ல கல்கத்தா, பம்பாய், சென்னை மூணு ஊர்லயும் பல்கலைக்கழகம். இந்தப் பல்கலைக்கழகங்கள் ஆரம்பத்துல பாடமே நடத்தல. பரீட்சை வெக்கறதும் பட்டம் குடுக்கறதும் மட்டும்தான் வேலை. அதாவது முதல்ல பரீட்சை வந்துச்சு, அப்புறம்தான் மத்ததெல்லாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் பட்டதாரிகள் ரெண்டு பேரும் யாழ்ப்பாணத் தமிழர்கள். கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை பேரு உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1868ல தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோட பதிப்பிச்சவர். 1887ல கலித்தொகையை அச்சுக்குக் கொண்டு வந்தவர். இங்கிலீஷ் பரீட்சையைத் தாண்டி முதல் ஆளா வெளியே வந்த மனுஷன், தன் சம்பாத்தியத்தை ஓலைச்சுவடி தேடறதுல கரைச்சார். இங்கிலீஷ் எழுதத் தெரிஞ்சவன் தமிழை மறந்துடுவான்னு யாராவது சொன்னா, இவர் பேரைச் சொல்லுங்க.

தொரப்பள்ளிப் பையன்

இப்போ நம்மூர். 1878ல ஓசூருக்குப் பக்கத்துல தொரப்பள்ளியில பிறந்தவர் ராஜாஜி. அப்பா கிராம முன்சீப். அப்போ ஓசூர் சேலம் ஜில்லா. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004லதான். ஓசூர்ல பள்ளிக்கூடம் போன ராஜாஜி 1891ல மெட்ரிகுலேஷன் தேறினார். அப்புறம் பெங்களூர் சென்ட்ரல் காலேஜ். 1894ல பி.ஏ.

இதுல ஒரு வேடிக்கை. பையன் எல்லை தாண்டி மைசூர் ராஜ்ஜியத்துக்குப் போய்ப் படிக்கிறான். ஆனா கேள்வித்தாள் வர்றது சென்னையில இருந்து. 1916ல மைசூர் பல்கலைக்கழகம் ஆரம்பிக்கற வரைக்கும் சென்ட்ரல் காலேஜ் சென்னைப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சுதான் இருந்துச்சு. நான் தினமும் தாண்டற அதே எல்லையை நூத்து முப்பது வருஷம் முன்னாடி ஒரு பையன் இங்கிலீஷ் படிக்கத் தாண்டியிருக்கான்னு நினைச்சா அத்திப்பள்ளி டிராபிக்குல கூடக் கொஞ்சம் பொறுமை வருது. :-)

அந்தப் பையன்தான் பின்னாடி சென்னை மாகாணப் பிரதமரா 1938ல பள்ளிகள்ல இந்தியைக் கட்டாயமாக்கினார். அவரேதான் இருபது வருஷம் கழிச்சு, இந்தி மட்டும் ஆட்சிமொழி ஆகக் கூடாது, இங்கிலீஷ் இருக்கணும்னு வாதாடினார். அவரோட அரசியல் பத்தி நமக்குள்ள ஆயிரம் சண்டை இருக்கலாம். ஆனா நேர்த்தியா சுருக்கமா இங்கிலீஷ் எழுதினவங்கள்ல அவர் ஒருத்தர்ங்கறதுல சண்டை இல்ல. கட்டுரை வடிவம் அவருக்குக் கை குடுத்துச்சு.

கும்பகோணத்துப் பையன்

எல்லாருக்கும் குடுக்கல. 1904ல கும்பகோணம் அரசுக் கல்லூரியில உதவித்தொகையோட எஃப்.ஏ. சேர்ந்தார் ஒரு பையன். கணக்குல புலி. இங்கிலீஷ் கட்டுரைப் பேப்பர்ல ஃபெயில். உதவித்தொகை போச்சு. 1905ல வீட்டுல சொல்லாம ரயிலேறி விசாகப்பட்டினம் போயிட்டார். 1906ல சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில மறுபடியும் முயற்சி, மறுபடியும் தோல்வி. 1907ல தனியா எழுதியும் தேறல. பேரு சீனிவாச ராமானுஜன்.

பார்த்தீங்களா அந்த 1905? சீனாக்காரன் தன் தேர்வு முறையையே தூக்கிக் கடாசின அதே வருஷம், கும்பகோணத்துல ஒரு இங்கிலீஷ் கட்டுரை ராமானுஜனைத் தூக்கிக் கடாசியிருந்துச்சு.

அதே கல்லூரியில 1880ல இருந்து 1903 வரைக்கும் தமிழ் சொல்லிக் குடுத்தவர் உ.வே. சாமிநாதையர். அப்போ அவருக்குப் பல்கலைக்கழகப் பட்டமே கிடையாது. தியாகராச செட்டியார் அவரோட படிப்பை அறிஞ்சு, தன் இடத்துக்கு இவர்தான்னு சொன்னார், வேலை கிடைச்சது. அதாவது சிபாரிசு. சிபாரிசு ஒரு உ.வே.சா.வைக் கொண்டு வந்துச்சு. பரீட்சை ஒரு ராமானுஜனை வெளியே அனுப்பிச்சு. ரெண்டும் ஒரே கல்லூரியில. சிபாரிசைவிடப் பரீட்சை மேல்னு மேல எழுதினேனே, அதை எழுதின கை இங்கே கொஞ்சம் நின்னுடுச்சு.

ராமானுஜனை மேல தூக்கினதும் ஒரு இங்கிலீஷ் எழுத்துதான்ங்கறதைக் கவனிங்க. 1913 ஜனவரியில, சென்னைத் துறைமுகத்துல குமாஸ்தாவா இருந்தப்போ, கேம்பிரிட்ஜ்ல இருந்த ஹார்டிக்கு எழுதின கடிதம். நான் ஒரு குமாஸ்தா, பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, இது என் கணக்குன்னு நேரா ஆரம்பிக்குது. அதுக்கு யாரும் கடிகாரம் வெக்கல. என்ன சொல்லணும்னு முழுசாத் தெரிஞ்ச ஒருத்தன், வேண்டிய நேரம் எடுத்து எழுதினது. 1918ல அவர் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

திருத்தறவர் கையில என்ன இருக்கு?

சரி, மார்க்காவது நம்பற மாதிரி இருக்குமா? பொட்டி தட்டறவன் புத்தி, எந்த அளவுகோலைப் பார்த்தாலும் எர்ரர் எவ்வளவுன்னுதான் முதல்ல கேக்கும்.

இதைக் கேட்டவர் ஃபிரான்சிஸ் எட்ஜ்வொர்த்ங்கற பொருளியல் அறிஞர். 1890ல, போட்டித் தேர்வுகள்ல அதிர்ஷ்டத்தோட பங்கு பத்தி ஒரு கட்டுரை எழுதினார். ஒரே லத்தீன் உரைநடைத் தாளை 28 திருத்துநர்கள்கிட்ட குடுத்துப் பார்த்திருந்தார். மார்க் 45ல இருந்து 100 வரைக்கும் சிதறிச்சு. ஒரே தாளுங்க!

அடுத்தவர் ஃபிலிப் ஹார்டாக். டாக்கா பல்கலைக்கழகத்தோட முதல் துணைவேந்தர். 1929ல இந்தியக் கல்வி பத்தி அறிக்கை குடுத்த குழுவுக்கும் இவர்தான் தலைவர். இங்கிலாந்து திரும்பின பிறகு, 1935ல ரோட்ஸ்ங்கறவரோட சேர்ந்து பரீட்சைகளையே பரீட்சை பண்ணினார். 15 வரலாற்று விடைத்தாள். ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் கழிச்சு, அதே 14 திருத்துநர்கள்கிட்ட அதே தாள்களை மறுபடி குடுத்தாங்க. மொத்தம் 210 முடிவு. அதுல 92 தடவை, அதே ஆளே முன்னாடி தான் குடுத்த முடிவை மாத்திட்டார். தேறினவன் தேறலை, தேறாதவன் தேறிட்டான், இப்படி.

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். "எங்க பட்டறையில மைக்ரோமீட்டர் இப்படிக் காட்டினா அதைக் காலிப்ரேஷனுக்கு அனுப்பிடுவோம்பா"ன்னார்.

காலிப்ரேஷனுக்கு அனுப்பவும் செஞ்சாங்க. 1966ல எல்லிஸ் பேஜ்ங்கற அமெரிக்கர், கட்டுரையைக் கணினியை வெச்சே திருத்தலாம்னு கிளம்பினார். 1999ல இ-ரேட்டர்ங்கற மென்பொருள் ஜிமேட் கட்டுரைகளுக்கு மனுஷனோட சேர்ந்து மார்க் போட ஆரம்பிச்சது. ஆனா மென்பொருளுக்கும் ஒரு பலவீனம். எம்ஐடியில இருந்த லெஸ் பெரல்மன், 2005ல, எஸ்ஏடி கட்டுரைகள்ல நீளம் கூடக் கூட மார்க்கும் கூடுதுன்னு காட்டினார். 2014ல மாணவர்களோட சேர்ந்து ஒரு நிரல் எழுதினார். அது பொருளே இல்லாத பந்தா வாக்கியங்களாக் கொட்டும். அந்தக் குப்பைக்கு இயந்திரம் நல்ல மார்க் குடுத்துச்சு. நிரல் எழுதறவங்களுக்கு இது புதுசில்ல. எதை அளக்கறோமோ அதைத்தான் ஜனங்க உற்பத்தி பண்ணுவாங்க.

கடிகாரமும் சுருங்கிட்டே வருது. 1964ல டோஃபல் தேர்வு வந்தப்போ கட்டுரையே கிடையாது. 1986லதான் 30 நிமிஷக் கட்டுரையைச் சேர்த்தாங்க. ஐஇஎல்டிஎஸ் 1989ல வந்துச்சு. ஜிஆர்ஈல 2002ல 45 நிமிஷம், 30 நிமிஷம்னு ரெண்டு கட்டுரை. 2011ல ரெண்டும் 30. 2023ல ஒண்ணே ஒண்ணு. அதே 2023ல டோஃபல் தன் 30 நிமிஷக் கட்டுரையைத் தூக்கிட்டு, 10 நிமிஷத்துல எழுதற ஒரு சின்னக் கேள்வியை வெச்சுது. எஸ்ஏடி 2021ல கட்டுரையையே விட்டுடுச்சு. சீனாக்காரன் நாள் கணக்கா அறையில அடைச்சது, இன்னிக்கு ஒரு டீ ஆறற நேரத்துக்கு வந்து நிக்குது.

டிராயிங் போடறது

இத்தனையும் படிச்சப்புறம் எனக்கு ரெண்டு விஷயம் தெளிவாச்சு. ஒண்ணு, அந்த 6ங்கறது என் மூளைக்கு வெச்ச மார்க் இல்ல. ரெண்டு, அது ஒரு வடிவம். வடிவம்னா கத்துக்கலாம். எட்டுக்காலோ நாலு பத்தியோ, வடிவம் வடிவம்தான். பிரச்சினை என்னன்னா, கோச்சிங் சென்டர் எனக்கு வடிவத்தைக் குடுக்கல, ஜோடனையைக் குடுத்துச்சு.

ஐஇஎல்டிஎஸ் கட்டுரையை நாலு அளவை வெச்சுத் திருத்தறாங்க: கேட்டதுக்குப் பதில் சொன்னியா, கோர்வையா இருக்கா, சொல்வளம், இலக்கணம். ஒவ்வொண்ணும் கால் பங்கு. முதல் ரெண்டும் இங்கிலீஷ் சமாச்சாரமே இல்ல, யோசிக்கற சமாச்சாரம். அதாவது பாதி மார்க் எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தீர்மானமாகுது. நான் அந்தப் பாதியை "இன்றைய நவீன உலகில்"க்குத் தாரை வார்த்துட்டேன்.

அப்பா சொன்னதைக் கேட்டுத் தினமும் ராத்திரி ஒரு தலைப்பு. கையில செல்போன் டைமர். முதல் அஞ்சு நிமிஷம் எழுதக் கூடாது. வெறும் டிராயிங்தான்.

முதல்ல கேள்வியை ரெண்டு தடவை படிக்கணும். "நன்மை அதிகமா, தீமை அதிகமா"ன்னா தராசுல ஒரு பக்கம் இறங்கணும், ரெண்டையும் அடுக்கிட்டு எழுந்து போகக் கூடாது. அடுத்து, பதிலை ஒரே வரியில எழுதிக்கணும். அந்த வரி வரலைன்னா கட்டுரையும் வராது. அப்புறம் ரெண்டு காரணம், ஒவ்வொண்ணுக்கும் கண்ணால பார்த்த ஒரு உதாரணம். கடைசியா எதிர்த்தரப்பு சொல்றதுல வலுவான ஒண்ணு, அதுக்கு என் மறுமொழி. அவ்வளவுதான் டிராயிங்.

தோத்துப்போன அதே தலைப்புக்கே முதல் டிராயிங் போட்டேன். ஒரு வரிப் பதில்: கண்காணிப்பு இருந்தா நன்மைதான் அதிகம். காரணம் ஒண்ணு: மழையை நம்பாத சம்பளம். உதாரணம் என் தாத்தாவும் அப்பாவும். காரணம் ரெண்டு: ஒரு பெரிய கம்பெனி வந்தா அதைச் சுத்தி நூறு சின்னப் பட்டறை. உதாரணம் அப்பா வேலை செஞ்ச இடம். எதிர்த்தரப்பு: ஏரி கெடுது, வாடகை ஏறுது. மறுமொழி: வாடகை ஏறினதை மறுக்க முடியாது. ஆனா ஏரி கெட்டது ஆலை வந்ததால மட்டும் இல்ல, கழிவை யாரும் கேக்காததால. இத்தனையும் எனக்கு முன்னாடியே தெரிஞ்சதுதான். எல்லாமே வீட்டுக்குள்ளேயே கிடந்துச்சு. கோச்சிங் சென்டர் அச்சுல அதுக்கு இடம் இல்லாததால அதை வெளியே விட்டுட்டுத்தான் முதல் தடவை பரீட்சை ஹாலுக்குள்ள போயிருக்கேன்.

அடுத்த 28 நிமிஷம் எழுத்து. கடைசி ஏழு நிமிஷம் சரி பார்க்கறது, அதாவது நம்ம தமிழ்க்காரன் தப்புகளைத் தேடறது. நமக்கு "பத்து ரூபா", "நாலு மாடு"ன்னாலே பன்மை புரிஞ்சிடும். இங்கிலீஷ்காரனுக்கு வாலுல ஒரு எஸ் வேணும். பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி நிக்கற அந்தச் சின்னக் காவல்காரன் "தி", அவனும் நமக்குக் கிடையாது. நான் போடற தப்புல பாதி இந்த ரெண்டுதான். மிச்சப் பாதியை விட்டுட்டேன், ஏழு நிமிஷத்துல உலகத்தையா திருத்த முடியும்.

முதல் வாரம் அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கறது நரகமா இருந்துச்சு. பக்கத்துல யாரோ டைப் பண்ணிட்டே இருக்கற சத்தம் காதுல கேக்கற மாதிரியே இருக்கும். மூணாவது வாரம் பழகிடுச்சு.

ரெண்டாவது தடவை பதினேழாயிரம் சொச்சம் கட்டி, அதே பெங்களூர், அதே மாதிரி ஒரு ஹால். தலைப்பு வேற. அஞ்சு நிமிஷம் கீபோர்டைத் தொடல. எழுத்துக்கு 6.5 வந்துச்சு.

அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா உங்ககிட்ட உண்மையைச் சொல்லணும்ல? ஹார்டாக் கதையைப் படிச்சப்புறம் எனக்குச் சந்தேகம் போகல. அந்த அரை மார்க் டிராயிங் போட்டதால வந்ததா, இல்ல இந்தத் தடவை வேற கை திருத்தினதால வந்ததா? தெரியாது. முதல் தடவை வந்த 6க்கு அழுததும் ஓவர், இந்த 6.5க்குக் குதிச்சதும் ஓவர். ஒண்ணு மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும். முதல் தடவை எழுதினதை என்னாலயே படிக்க முடியாது. ரெண்டாவது தடவை எழுதினது, முழுக்க நான் சொல்ல நினைச்சது.

அப்பாகிட்ட மார்க்கைச் சொன்னேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "டாலரன்ஸுக்குள்ள வந்துடுச்சு, போதும்பா"ன்னார்.

பி.கு: இந்தப் பதிவுக்கு டிராயிங் போடல. அதான் இவ்வளவு நீளம். மன்னிச்சுக்கங்க மக்களே! :-)